தேன் நிறப் பேனாவும் இரண்டு பந்தியும்

எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசி கிடையாது. நான் இருந்தேன்.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் கம்பி அடித்த ஒரு வராந்தா, இவ்வளவுதான் வீடு. கூடத்தில் அப்பா இருப்பார். வராந்தாவில் மாமா இருப்பார். இருவருக்கும் நடுவே ஒரு நிலைப்படி, அதில் எப்போதும் திறந்தே கிடக்கும் ஒரு கதவு. கூடத்தில் ஒருவர் தும்மினால் வராந்தாவில் இருப்பவர் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவார். ஆனால் அப்பாவுக்கு மாமாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும் என்னைக் கூப்பிடுவார். நான் ஒற்றைக் காலில் நிற்பதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். "உங்க மாமாகிட்ட சொல்லு" என்று ஆரம்பிப்பார். மாமா அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். அப்பா சொல்வது ஒவ்வொரு எழுத்தும் அவர் காதில் விழும். இருந்தாலும் நான் நிலைப்படியைத் தாண்டிப் போய் நின்று, அதே வார்த்தைகளை மறுபடி சொல்கிறவரை அவருக்குக் கேட்காது. கேட்ட பிறகு, "உங்க அப்பாகிட்ட சொல்லு" என்பார். நான் திரும்ப வேண்டும்.

இன்றைக்கும் அலுவலகத்தில் யாராவது பக்கத்து மேசைக்காரரைக் காட்டி, "அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்" என்றால் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறுகிறது. வாய் இல்லையா உங்களுக்கு என்று கேட்டும்விட்டிருக்கிறேன். என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். ஐந்தாம் வகுப்பிலேயே என்னை அப்படி ஆக்கிவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சண்டை வந்தது ஆடி மாதத்தில். மாமா என் அம்மாவின் தம்பி. லால்குடிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து எங்களோடு தங்கியவர். அப்பா தமக்குத் தெரிந்த ஒருவரிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவரைச் சேர்த்துவிட்டார். அங்கே மேற்பார்வைக்காரர் ஏதோ சொல்ல, மாமா ஏதோ சொல்ல, மாமா மத்தியான ரயிலைப் பிடித்து, சாப்பாட்டு கேரியரைத் திறக்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். தம் வாக்குக்கு மரியாதை இல்லாமல் போய்விட்டதே என்று அப்பாவுக்கு ஆத்திரம். அதை அப்போதே கத்தித் தீர்த்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். அப்பா கத்துகிற ரகம் இல்லை. ராத்திரி மாமா மோர் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேலையை உதறிட்டு வந்தவனுக்கு ரெண்டாம் சோறு எப்படித்தான் இறங்குதோ" என்றார்.

மாமா பிசைந்த சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

அன்றோடு பேச்சு நின்றது. அப்பாவுக்கு வேலையை விட்டது பெரிய குற்றம். மாமாவுக்குச் சாப்பிடும்போது சொன்னது பெரிய குற்றம். யாருடையது பெரியது என்று தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாததால், எங்கள் வீட்டில் அன்றிலிருந்து இரண்டு பந்தி. அப்பா முதலில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து வாசலுக்குப் போவார். அம்மா இடத்தைத் துடைத்துவிட்டு, ஆறிப்போன குழம்பை மறுபடி சுடவைத்து, மாமாவைக் கூப்பிடுவாள். இரண்டும் முடிந்து அவள் தட்டைப் போட்டுக்கொள்ளும்போது எனக்குக் கண் சொக்கிவிடும்.

வேலை இல்லாமல் இருந்த மாமாவுக்குப் பேனா செய்யும் யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. எஸ்டேட்டில் அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். லேத் வைத்திருந்தார். பெயர்ப்பலகை செய்கிறவர்கள் வெட்டிக் கழித்துப் போடும் தடித்த அக்ரிலிக் துண்டுகளை வாங்கி, அவற்றை அந்த நண்பர் குச்சி குச்சியாகக் கடைந்து, நடுவில் துளை போட்டுக் கொடுப்பார். மாமா அவற்றை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ரயிலில் கொண்டுவருவார். வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் வாயிலும் மோதிரம் மாதிரி ஒரு பித்தளைப் பூணை இறக்குவார். பூணின் உள்ளே மரை இருக்கும். ரீஃபிலைப் போட்டு, முனையை அதில் திருகிவிட்டால் பேனா தயார். வெயிலில் பிடித்தால் உள்ளே தேன் ஊற்றி வைத்த மாதிரி இருக்கும். உண்மையிலேயே அழகான பேனாதான், அதைச் சொல்லியாக வேண்டும்.

உடையாமல் இருந்தால்.

பூண் இறங்க வேண்டுமென்றால் இறுக்கமாக இறங்க வேண்டும். தளர்ந்திருந்தால் எழுதும்போதே கழன்று வரும். இறுக்கமாக இறக்கினால் குழலின் வாயில் ஒரு முடி மாதிரி விரிசல் ஓடும். அது ஓடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பல்லி கத்துவதைவிடச் சின்னச் சத்தம். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் சமையலறையில் அம்மாவின் கரண்டி நின்றுவிடும்.

முதலில் வியாபாரம் சில்லறையாகத்தான் இருந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாக மாமா ரயில் சிநேகிதர்களுக்குப் பேனா விற்றார். ஒன்றை எடுத்துக்கொண்டு கரையான்சாவடியில் ஒரு ஸ்டேஷனரி கடைக்காரரிடம் காட்டினார். அவர் அந்த ஊர்க்காரர். பெண்ணுக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்தார். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு பேனாவும் போட்டுக் கொடுத்தால் கடைக்கும் பெயர், கல்யாணத்துக்கும் பெயர் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நூறு பேனா கேட்டார். எல்லாம் ஒரே தேன் நிறம். சரியாக வந்தால், பிறகு கடையிலும் வைத்து விற்பதாகச் சொன்னார்.

அதே சமயத்தில் ஊரிலிருந்து பெரிய மாமாவும் ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் நேராகச் சொல்வதில்லை என்பதைக் கவனிக்கவும். தை பிறந்தும் ஒரு வழி பிறக்காவிட்டால் சின்னவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து அரிசி மில்லைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சேதி. மாமா சரி என்றுவிட்டார். அம்மாதான் அன்றைக்கு முழுக்க அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்கினாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"இவன் கோவத்தோட இந்த வாசப்படி இறங்கினான்னா திரும்ப ஏற மாட்டான்க்கா. எனக்குத் தெரியும் அவனை. அப்புறம் நான் இவரைப் பார்க்கிறதா, அவனைப் பார்க்கிறதா?"

மாமா ஊருக்குப் போனால் எனக்கு வராந்தா கிடைக்கும், தூது வேலையும் ஒழியும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நூறு பேனா வேலை கார்த்திகையில் தொடங்கியது. நண்பர் நூற்றைம்பது குழல்கள் கடைந்து கொடுத்தார். அந்த நிறத்தில் இதற்கு மேல் துண்டு இல்லை, இனிமேல் எப்போது வரும் என்று தெரியாது என்று சொல்லித்தான் கொடுத்தார். மாமா பூணைக் குழல் வாயில் வைத்து, மேலே துணியைச் சுற்றி, சின்னச் சுத்தியலால் தட்டினார். டிக். இன்னொன்று. அது இறங்கியது. அடுத்தது டிக்.

கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்துவதுதான் இருபது வருஷமாக அவர் பிழைப்பு. மச்சினனோடு பேசாமல் இருந்துவிடலாம். தப்பாகப் பொருத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது? இரண்டு நாள் பல்லைக் கடித்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க மாமாகிட்ட சொல்லு, இது அச்சாணி இல்ல, அடிச்சு இறக்குறதுக்கு."

போய்ச் சொன்னேன். மாமா சுத்தியலைக் கீழே வைக்காமல், வேறு எப்படி இறக்குவதாம் என்று கேட்டு வரச் சொன்னார். குழலின் உள்வாயை உப்புக் காகிதத்தால் ஒரு சுற்று தேய்த்து விளிம்பை மழுக்க வேண்டும், பூணின் ஓரத்தில் இருக்கும் பிசிரையும் எடுக்க வேண்டும், கூர்மையாக எது இருந்தாலும் அங்கேதான் விரிசல் பிறக்கும் என்று அப்பா சொன்னார். இதை நான் ஒரே மூச்சில் மனப்பாடமாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதற்கு என்னைத்தான் எழுப்புவார்கள். மாமா சுத்தியலை வைத்துவிட்டு உப்புக் காகிதம் வாங்கக் கிளம்பினார்.

விளிம்பை மழுக்கிய பிறகு டிக் குறைந்தது. ஆனால் சாயங்காலம் நன்றாக இருந்த பேனா காலையில் பார்த்தால் விரிந்திருந்தது. இதற்கு இரண்டு பேரும் இரண்டு காரணம் சொன்னார்கள், இரண்டும் என் வழியாக. பூண் கனமாக இருக்கிறது, ஒரு சுற்று தேய்த்துக் குறைக்க வேண்டும் என்பது மாமா கட்சி. தேய்த்தால் கழன்றுவிடும், குழலைச் சுடுதண்ணீரில் போட்டுக் கொஞ்சம் இளக்கி, பூணைப் பானைத் தண்ணீரில் போட்டுக் குளிரவைத்து இறக்கினால் தானாகப் பிடிக்கும் என்பது அப்பா கட்சி. தொழிற்சாலையில் பெரிய பெரிய பேரிங்கை எல்லாம் அப்படித்தான் இறக்குவார்களாம். இது பேரிங் இல்லை என்று சொல்லச் சொன்னார் மாமா. சொன்னேன். தெரியும் என்று சொல்லச் சொன்னார் அப்பா. சொன்னேன். அன்றைக்கு எனக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

கடைசியில் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். சேர்த்துச் செய்கிறோம் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மாமா பூணைத் தேய்த்துக் குறைத்தார். குழலைச் சுடுதண்ணீரிலும் போட்டார். அதற்கு அவருக்குக் கிடைத்த பாத்திரம் அம்மாவின் இட்லிப் பானை.

"இட்லி அவிச்சா பேனா வாசம் வருது. நாலு மாசமா ரெண்டு தடவை சோறு போடறேன், ஒரு வார்த்தை சொன்னேனா? பானையையுமா எடுத்துக்குவீங்க?" என்றாள் அம்மா. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. கூடத்துக்கும் வராந்தாவுக்கும் நடுவே நின்று சொன்னாள். நல்லவேளையாக, இதை யாரிடமும் போய்ச் சொல்லும்படி என்னிடம் சொல்லவில்லை.

இதற்கிடையில் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பட்டு வழியாக பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார். கொழுத்த மனிதர். வராந்தாவில் குந்தி உட்கார்ந்து, தயாராகி இருந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் வாயில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். ஐந்தில் ஒன்றில் நகம் மாட்டியது. அதையெல்லாம் தனியாக வைத்தார். தனியாக வைத்த குவியல் வளர்வதை மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, கண்ணாலத்துக்கு முன்ன வருமா, இல்ல பேரன் பொறந்தப்பறம் எட்துகினு வருவியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். போகும்போது மட்டும் சிரிக்கவில்லை. ஒடிஞ்சது ஒண்ணுகூட இருக்கக் கூடாது, நல்ல காரியத்தில் விரிசல் உட்ட சாமானைக் குட்த்தேன்னு என் சம்பந்தி சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா அவரோடு பஸ் நிறுத்தம் வரை பேசிக்கொண்டு போனார். ஊர் உலகத்தில் எல்லோரோடும் அவருக்குப் பேச வரும்.

திரும்பி வந்ததும் பரண்மேலிருந்து தம் சின்ன வைஸை இறக்கினார். இரும்பைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றச் சுற்ற இறுகுமே, அதுதான். அதை ஒரு பலகையில் முடுக்கி, வராந்தாவில் கொண்டுபோய் வைத்தார். குழலையும் பூணையும் நேருக்கு நேராக வைத்து, இரண்டு பக்கமும் மரத்துண்டு கொடுத்து, கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் அடிக்காமலே பூண் இறங்கும். மாமாவுக்கு அது பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ஆனால் ஒரு ஆளால் முடியாது. கைப்பிடியைச் சுற்றுகிறவருக்குப் பூண் எங்கே இருக்கிறது என்று தெரியாது. குழலை நேராகப் பிடித்துக்கொண்டு கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். அதனால் மாமா கைப்பிடிப் பக்கம் உட்கார்ந்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். இரண்டு முழங்கால்களும் இடித்துக்கொண்டன. நடுவில் என்னை நிற்க வைத்தார்கள்.

"நிறுத்தச் சொல்லு" என்றார் அப்பா.

"மாமா, நிறுத்தச் சொல்றாங்க" என்றேன்.

டிக்.

நான் சொன்னபோது கைப்பிடி கால் சுற்று கூடுதலாகப் போய்விட்டிருந்தது. அடுத்ததற்கு அப்பா கொஞ்சம் முன்கூட்டியே சொன்னார். நானும் வேகமாகச் சொன்னேன். பூண் முழுக்க இறங்காமல் நின்றது. மறுபடி ஒரு பொட்டு சுற்றச் சொல்லு என்றார். சொன்னேன். டிக். "பாப்பா மெதுவா சொல்றா" என்று மாமா காற்றைப் பார்த்துச் சொன்னார். "பாப்பா சரியாத்தான் சொல்றா" என்று அப்பா வேறு காற்றைப் பார்த்துச் சொன்னார். இரண்டு தடிமனிதர்கள் முழங்காலை முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படுகிறது, நான் சொல்லித்தான் நிறுத்துவாராம். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இதை எழுதும்போதும் இரண்டு பேர் தலையையும் பிடித்து இடிக்க வேண்டும் போலிருக்கிறது.

பத்தில் ஏழு எட்டு தேறியது. ஆனால் குழல்கள் குறைந்துகொண்டே வந்தன. போனால் போகட்டும் என்று கையில் இருந்த உபரி ஒவ்வொன்றாகக் காலியானது. அம்மா இப்போது டிக் கேட்டால் கரண்டியை நிறுத்துவதோடு இல்லை, நிலைப்படிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தை பிறந்த வாரம் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. பின்வரிசை வீட்டுப் பையனிடமிருந்து ஒட்டியது. இடது பக்கக் கன்னம் மட்டும் பன் மாதிரி உப்பியிருந்தது. அம்மா என்னைக் குவார்ட்டர்ஸ் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கன்னத்தை அமுக்கிப் பார்த்து, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கணும், புளிப்புத் தின்னக் கூடாது, மற்ற பிள்ளைகளோடு சேரக் கூடாது, தானாக வடிந்துவிடும் என்றார். பேசுவதைப் பற்றி அவர் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. வெளியே வந்ததும் அம்மா வாசல் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். ரிக்‌ஷாக்காரர் வந்து கேட்டபோது என் வீங்கிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். பொன்னுக்கு வீங்கி வந்தால் பொன் போட்டால் வடியும் என்று எல்லா வீட்டிலும் செய்வதுதான். பிறகு, கூடத்துக்கும் வராந்தாவுக்கும் கேட்கும்படி, "இவ வாயைத் திறக்கவே கூடாதாம். பேசினா அந்தப் பக்கமும் வீங்கிடுமாம். டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்" என்றாள்.

டாக்டர் எப்போது சொன்னார் என்று நான் யோசித்தேன். நான் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றபோது சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். கேட்கவும் முடியாது, வாயைத் திறக்கக் கூடாதே. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். சங்கிலியைத் தடவிக்கொண்டு, வராந்தா ஓரத்தில் பாயைப் போட்டுப் படுத்து, இனி என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று வேடிக்கை பார்த்தேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. வியாழனுக்குள் பேனாக்கள் போயாக வேண்டும். இன்னும் ஒரு கை குழல்கள் பாக்கி இருந்தன. இட்லிப் பானையில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கன்னத்தைக் காட்டினேன். இருவரும் சமையலறையைப் பார்த்தார்கள். அம்மா அப்போதுதான் பையை எடுத்துக்கொண்டு, கொத்தமல்லி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். காலையில் வாங்கிய கொத்தமல்லிக் கட்டு ஜன்னலோரம் தண்ணீர்ச் சொம்பில் நின்றது.

அப்பா தொண்டையைச் செருமினார். பிறகு பலகையில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காட்டினார். தட்டினால் நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். மாமா தலையசைக்காமல் தலையசைத்தார். இப்படி ஒரு ஏற்பாடு. அப்பா ஒரு கையால் குழலைப் பிடித்து, ஒரு கையைத் தட்டுவதற்குத் தயாராக வைத்திருந்தார். ஒரு கையால் பிடித்ததால் குழல் ஒரு இம்மி சாய்ந்தது. அவர் தட்டினார். வைஸும் அதே நேரத்தில் கடக்கென்றது. மாமாவுக்கு எது எது என்று தெரியவில்லை.

டிக்.

மாமா உடைந்ததைத் தனியாக வைத்தார். பிறகு பாட்டிலைக் கவிழ்த்து, மிச்சமிருந்த குழல்களைத் துணிமேல் பரப்பி எண்ணினார். தயாரானவற்றையும் எண்ணினார். மறுபடி எண்ணினார். உபரி என்று ஒன்றுகூட இல்லை. இனி உடைந்தால் நூறு வராது. மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூட்டை கட்டுகிற முகம் அது. அந்த வயதிலும் அது எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அடுத்த குழலைச் சுடுதண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து நீட்டினார்.

அப்பா இந்த முறை இரண்டு கையாலும் பிடித்தார். தட்டுவதற்குக் கை இல்லை. மாமா சுற்ற ஆரம்பித்தார். பித்தளை தேனுக்குள் மெதுவாக இறங்குவதை நான் பாயிலிருந்தே பார்த்தேன். பாதி. முக்கால். அப்பாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் கண் ஒரு நொடி என் பக்கம் வந்து போனது. நான் வாயைத் திறக்காமல் கையைத் தூக்கினேன். மாமா கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

"போதும், மாப்ளே."

கைப்பிடி நின்றது. மாமா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அப்பா வைஸைத் தாமே தளர்த்தி, குழலை எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாயில் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் மாட்டவில்லை. அதைப் பேனாக்களோடு வைத்தார். மாமா அடுத்ததை எடுத்தார். துடைத்தார். நீட்டப் போனவர், நீட்டாமல், பானையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி இந்தச் சூடு போதுமா, அத்தான்?"

அப்பா விரலை விட்டுப் பார்த்துவிட்டு, போதும் என்றார்.

அவ்வளவுதான். மன்னிப்பு, கண்ணீர், கட்டிப்பிடித்தல் ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் பேனாப் பேச்சு. இன்னும் கொஞ்சம், மெதுவா, போதும், எடு. ஆறு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்ற நான் சுமந்த பேச்சை இரண்டு பேரும் ஏதோ நேற்று விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரிப் பேசினார்கள். என்னை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தூக்கிய கையை எப்போது இறக்கினேன் என்றுகூட யாருக்கும் தெரியாது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இதற்கு என்னை ஏன் அத்தனை நாள் பாண்டி ஆட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள்?

டிக் கேட்கவே இல்லை. வியாழக்கிழமை அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு மாமாவோடு கரையான்சாவடிக்குப் போனார். கடைக்காரர் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சோக்கா கீதுபா" என்றாராம். மாமா ஊருக்குப் போகவில்லை. பின்னாட்களில் திருநின்றவூரில் வீடு வாடகைக்குப் பிடித்து, கல்யாணம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு கேரம் ஆடி எங்கள் உயிரை வாங்கினார். அதெல்லாம் பிறகு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. கையில் கொத்தமல்லி இல்லை. உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, வராந்தாவிலிருந்து வந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கடை பூட்டிக் கிடந்ததாக யாரும் கேட்காமலே சொன்னாள். நேராக என் பாய்க்கு வந்து குனிந்து, என் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இனிமே நீ பேசலாம்" என்றாள்.

நான் பதறிப்போனேன். கண்ணாடியிடம் ஓடினேன். கன்னம் காலையில் இருந்ததைவிட ஒரு சுற்று பெரிதாகவே இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, சங்கிலியைக் கேட்டு அழுதேன். அம்மா கன்னத்தைப் பார்க்கக்கூட இல்லை. கூடத்தைப் பெருக்கி, இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாப்பிட வாங்க என்று ஒரே தடவை கூப்பிட்டாள். இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா ரசம் கேட்டார். மாமா ரசக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவைத்தார். கடைசியில் மாமா மோர் சாதம் பிசைந்தபோது அம்மா கரண்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அப்பா சுவரைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடு அவனுக்கு என்றார்.

நான் ஓரத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். சங்கிலியும் போச்சு, வேலையும் போச்சு. இத்தனை பெரிய வீக்கம் அப்படியே இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல், பேசலாம் என்று அம்மா எப்படிச் சொன்னாள் என்பதுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.